சுக்குக் காப்பியில் நான் கலந்தது

அய்யாவுக்கு அம்மா எழுதுவது. நலமா என்று கேட்கப்போவதில்லை. காலையில் என் கையால்தான் மாத்திரையும் நாலு இட்லியும் சாப்பிட்டுவிட்டுப் பிரஸ்ஸுக்குப் போனாய், நலமாகத்தான் இருந்தாய். ஒரே வீட்டில் இருந்துகொண்டு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். நேரில் சொல்ல நாலு தடவை வாயைத் திறந்தேன். நாலு தடவையும் "இன்னொரு இட்லி வைக்கவாய்யா?" என்றுதான் வந்தது. எட்டாம் வகுப்போடு நின்றவளின் எழுத்து கோழி கிண்டினமாதிரிதான் இருக்கும். பொறுத்துக்கொண்டு கடைசிவரை வாசி. நடுவில் கோபம் வரும். வந்தாலும் கிழித்துவிடாதே, இந்தத் தாள் உனக்கு நாளைக்கு வேண்டும்.

நாளைக்குத் தாயில்பட்டியில் உன் மாமனார் வீட்டில் பெரியவர்கள் உட்காருகிறார்கள். பாண்டிச்செல்வி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அங்கே போய் ஒன்றரை மாதம் ஆகிறது. அவளைத் திருப்பி அனுப்புவதா, உறவையே அத்துவிடுவதா என்று பேசப்போகிறார்கள். நேற்று சோற்றைப் பிசைந்துகொண்டே நீ சொன்னாய்: "யம்மா, அன்னைக்குக் குடிச்சேன்னு ஒத்துக்கிடப் போறேன். ஒத்துக்கிட்டு கால்ல விழுந்தாத்தான் அவ வருவா. இல்லைன்னு சாதிச்சா இன்னும் பொய்க்காரன்னுதான் சொல்லுவாக." குடிக்காததை எதற்கு ஒத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டேன். நீ தலையைத் தூக்கவில்லை. "குடிச்சேனோ என்னமோ. எனக்கே இப்பச் சந்தேகமா இருக்கும்மா" என்றாய். அந்த வார்த்தை என் நெஞ்சில் குத்தி நிற்கிறது. நீ குடிக்கவில்லை. பெற்றவள் பிள்ளைக்குப் பரிந்துகொண்டு சொல்கிற பேச்சு இல்லை இது. என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் செய்தவள் நான்.

முதலில் என் பொறாமையைச் சொல்லிவிடுகிறேன். அதை விட்டுவிட்டு மற்றதைச் சொன்னால் ஏதோ கைதவறி நடந்தமாதிரி ஆகிவிடும். உன் பெண்டாட்டி மேல் எனக்குப் பொறாமை. கல்யாணமான புதிதில் இல்லை. அப்போது நீ குடிகாரன், உன்னை வைத்து யார் யார்மேல் பொறாமைப்பட முடியும்? நீ திருந்தின பிறகுதான் வந்தது. ஒன்பது வருஷம் நான் அழுதேன். இருக்கன்குடி மாரியாத்தாளுக்குத் தீச்சட்டி எடுத்தேன். மூன்று கோயிலில் உனக்குச் சத்தியக் கயிறு கட்டினேன், மூன்றையும் நீ அறுத்துப் போட்டாய். சாராயக்கடை வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினேன். அம்புட்டுக்கும் நிற்காதது, அவள் வந்த இரண்டாம் வருஷம் ஒரு வெள்ளை மாத்திரைக்கு நின்றது. தெருவே அவளைத்தான் மெச்சியது. "மகராசி, புருசன மீட்டுட்டா" என்றார்கள். அந்தப் புருஷனைப் பத்து மாதம் சுமந்தவள் பக்கத்தில் தண்ணிக்குடத்தோடு நிற்கிறாள் என்பது ஒருத்தி கண்ணிலும் படவில்லை.

மதுரைக்குப் போன நாளை நினைத்துப் பார். பிரஸ்ஸில் கட்டிங் மிஷினில் தாளை அடுக்கும்போது உன் கை நடுங்குவதைப் பார்த்துவிட்டு, "ஏலே, வெரலு போயிரும்லே, மிஷின் பக்கமே வராத" என்று மொதலாளி உன்னைப் பண்டல் தூக்கப் போட்டார். மறுநாளே பாண்டிச்செல்வி உன்னை பஸ் ஏற்றினாள். என்னை யாரும் கூப்பிடவில்லை, நானாக ஏறிக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் எடுத்தவுடன் மாத்திரை கொடுக்கவில்லை. வீட்டில் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வந்துவிடும் என்று பன்னிரண்டு நாள் படுக்கையில் வைத்தார்கள். சத்து ஊசி போட்டார்கள். நடுக்கத்துக்கும் தூக்கத்துக்கும் மாத்திரை கொடுத்து நாளுக்கு நாள் குறைத்தார்கள். மூன்றாம் நாள் நீ போர்வையில் இல்லாத எறும்பைத் தட்டிக்கொண்டே இருந்தாய். ஈரலைச் சோதித்தார்கள், நெஞ்சைச் சோதித்தார்கள். அதற்கப்புறம்தான் அந்த டாக்டர் உன்னை உட்காரவைத்துப் பேசினார்.

"இந்த மாத்திரை குடிக்கிற ஆசையைப் போக்காது. ஆனா இது உடம்புல இருக்கும்போது கொஞ்சம் குடிச்சாலும் மூஞ்சி செவந்து, வாந்தி வந்து, நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும். மோசமாப் போனா உயிருக்கே ஆபத்து. நிறுத்தினாக்கூட ரெண்டு வாரம் வரைக்கும் அதோட வேலை இருக்கும். இது ஒரு வேலி மாதிரி. போட்டுக்கிறதும் வேணாங்கிறதும் உங்க இஷ்டம்" என்றார். நீ கையெழுத்துப் போட்டாய். அப்புறம் அவர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, "தினம் காலையில யாராவது ஒருத்தர் பார்க்க இவர் முழுங்கணும். யார் பொறுப்பு எடுத்துக்கிறீங்க?" என்று கேட்டார். நான் எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டு பதில் சொல்வதற்குள் அவள், "நான் சார்" என்றுவிட்டாள். அட்டையில் அவள் பெயரை எழுதினார். சேலையைச் சரிசெய்யாமல் இருந்திருந்தால் என் பெயர் வந்திருக்கும் என்று இன்றைக்கும் எனக்கு ஆற்றாமை உண்டு.

எழுந்து வரும்போது அவர் இன்னொன்றும் சொன்னார். அது உனக்கு ஞாபகம் இருக்காது, எனக்குத்தான் சொன்னதுபோல இருந்தது. "சில வீட்டுல இதைச் சோத்துல தெரியாமக் கலந்து குடுக்கிறாங்கம்மா. அது கொலைக்குச் சமம். விவரம் தெரியாம அவன் போய்க் குடிப்பான், செத்துப்போவான்." உன் அப்பா ஏன் கடைசிவரை பரோட்டாக் கடையில் சாப்பிட்டார் என்று சின்னப் பிள்ளையில் என்னிடம் கேட்பாய். "ஒங்க அப்பாவுக்கு நாக்கு நீளம்" என்று சொல்லிவைத்தேன். ருசிக்காக இல்லையய்யா. உனக்கு ஆறு வயதிருக்கும்போது ஒரு மருந்துக்கடையில் ரகசியமாகக் கொடுத்த பொடியை நான் அவருக்கு மீன் குழம்பில் கலந்து போட்டேன். அவர் சாப்பிட்டுவிட்டு வழக்கம்போலக் குடிக்கப் போனார். பஸ் ஸ்டாண்டில் விழுந்து கிடந்தவரைத் தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுவந்தார்கள். பிழைத்துக்கொண்டார். எப்படியோ விஷயம் தெரிந்துபோயிற்று. அடிக்கவில்லை, வையவில்லை. அதற்கப்புறம் ஏழு வருஷம், சாகும்வரை, என் கையால் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. நான் நல்லதுதான் நினைத்தேன். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் நினைத்தேன். அந்த ஒரு பாடத்தைப் படித்திருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையே இல்லை. பட்டும் புத்தி வராத ஜென்மம் நான்.

வீட்டுக்கு வந்த பிறகு உங்கள் காலைக் கூத்தைத் தினமும் நான் பார்க்க வேண்டியதாயிற்று. நீ பல் விளக்கிவிட்டு அடுப்படி நிலையில் வந்து நிற்பாய். அவள் மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து நீட்டுவாள். குடித்துவிட்டு 'ஆ' என்று வாயைத் திறந்து காட்டுவாய். "நாக்கத் தூக்குங்க" என்பாள். தூக்குவாய். அவள் சிரித்துக்கொண்டே உங்கள் பிரஸ் காலண்டரில் ஒரு கோடு போடுவாள். மண் தின்றாயா என்று பார்க்க உன் வாயைத் திறக்கச் சொல்லி விரலை விட்டுத் துழாவினவள் நான். என் விரலைக் கடித்துவைப்பாய். இவளுக்குப் பாரேன், முப்பது வயதில் நாக்கைத் தூக்கிக் காட்டுகிறாய் என்று அம்மிக்குழவியை உருட்டுவேன். அன்றைக்கெல்லாம் சட்னி மையாக அரைந்திருக்கும். இரண்டு பேரும் ருசித்துச் சாப்பிடுவீர்கள்.

என் கையாலும் உனக்கு ஏதாவது ஒன்று போக வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. நீ இளைத்துப்போயிருந்தாய், அது சாக்காகக் கிடைத்தது. நாட்டு மருந்துக்கடையில் உடம்பு தேற ஒரு அரிஷ்டம் வாங்கினேன். பிள்ளை பெற்றவளுக்கே கொடுக்கிறோம், இவனுக்கு என்ன செய்துவிடும் என்றுதான் நினைத்தேன். முதலில் பாண்டிச்செல்வியிடம் கேட்கவும் செய்தேன். "வேணாம் அத்தே. டானிக்கு, இருமல் மருந்து, அரிஷ்டம் எதுவும் அவரக் கேக்காமக் குடுக்கக் கூடாதுன்னு டாக்டரு சொல்லிருக்காக" என்றாள். "சரி தாயி" என்றேன். உள்ளுக்குள், நேற்று வந்தவள் எனக்குப் பத்தியம் சொல்கிறாளா என்று இருந்தது. அதையே உன் அத்தைக்காரி சொல்லியிருந்தால் கேட்டிருப்பேன். அடுத்த வீட்டுக்காரி சொல்லியிருந்தால்கூடக் கேட்டிருப்பேன். இவள் சொன்னாள் என்பதற்காகவே கேட்கவில்லை.

நீ பிரஸ் விட்டு வருவதற்கும் அவள் தீப்பெட்டி ஆபீஸ் விட்டு வருவதற்கும் நடுவில் அரைமணி நேரம் இருக்கும். அந்த அரைமணி நேரத்தில் சுக்குக் காப்பி போட்டு, ஆறவைத்து, இரண்டு கரண்டி அரிஷ்டத்தை ஊற்றிக் கலக்கி உனக்குக் கொடுத்தேன். கருப்பட்டியிலும் சுக்கிலும் அந்த வாடை அமுங்கிவிட்டது. இரண்டாம் நாள் உன் காதுமடல் சிவந்திருந்தது. "தல கிண்ணுனு இருக்கும்மா" என்றாய். எனக்கு ஒரே சந்தோஷம். ரத்தம் ஊறுகிறது, என் மருந்து வேலை செய்கிறது என்று மாரியாத்தாளுக்குக் கையெடுத்துக் கும்பிட்டேன். பட்டாசுப் பெட்டிக்கு இருபத்தைந்து வருஷமாக லேபிள் ஒட்டுகிறவள் நான். லட்சம் லேபிள் என் கை வழியாகப் போயிருக்கும். அந்தப் புட்டியில் இங்கிலீஷில் ஒட்டியிருந்த லேபிளை மட்டும் நான் வாசிக்கச் சொல்லி ஒருத்தரிடமும் நீட்டவில்லை.

அந்த வாரக் கடைசியில் பாப்பாவுக்குக் காதுகுத்து. இருக்கன்குடியில் இரண்டு பக்கத்துச் சொந்தமும் கூடிவிட்டது. உன் மாமியார் எல்லார் முன்னாலும் மகளின் தலையைத் தடவி, "எம் மக கை ராசியான கை. இல்லன்னா இந்தக் குடும்பம் இன்னைக்கு என்ன கதியோ" என்றாள். நாலு பேர் தலையாட்டினார்கள். என் சம்பந்தக்காரிக்கு வாய் கொஞ்சம் அகலம்தான், ஆனால் அன்றைக்கு அவள் சொன்னது ஒன்றும் பொய் இல்லை. எனக்கோ வயிறு பற்றி எரிந்தது. சுக்குக் காப்பியை ஒரு பிளாஸ்கில் கொண்டுவந்திருந்தேன். மண்டபத்துத் தூண் பக்கமாக உன்னைக் கூப்பிட்டு, "நிக்கிற நெலையில களைச்சுப் போவ, குடிய்யா" என்று கொடுத்தேன். அன்றைக்கு இரண்டு கரண்டி இல்லை, அரைத் தம்ளருக்கு மேல் இருக்கும். உன் மாமியார் பேச்சுக்கு நான் ஊற்றின பதில் அது.

பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உன் மச்சினன் உட்காரும்போதே உன் முகம் மிளகாய்ப் பழமாகச் சிவந்துவிட்டது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஓடிப்போய் வாந்தி எடுத்தாய். மச்சினன் பிள்ளையை இறக்கிவிட்டு வந்து உன் வாயை மோந்து பார்த்தான். "ஏத்தா, வாடை அடிக்குது. குடிச்சிட்டுத்தான் வந்திருக்கான்" என்று கத்தினான். பாண்டிச்செல்வி பாய்ந்து வந்து உன்னைத் தாங்கினாள். காலையில் தன் கையால் மாத்திரை கொடுத்தவள், அதற்குமேல் குடித்தால் என்ன ஆகும் என்று தெரிந்தவள், "செத்துப்போயிருவீகளே" என்று மட்டும் அழுதுகொண்டே உன்னைக் காரில் தூக்கிப் போட்டாள். சாத்தூர் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றி, நீ கண் திறக்கும்வரை அவள் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. அப்புறம்தான் கேட்டாள். நீ பாப்பா தலையில் அடித்துச் சத்தியம் செய்தாய். அவள் பிள்ளையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "குடிச்சதக்கூடப் பொறுத்துக்கிருவேங்க. எம்பிள்ள தலையில பொய்ச் சத்தியம் பண்ணிட்டீக" என்று சொல்லிவிட்டு அவள் அண்ணனோடு போனாள்.

நீ என் பக்கம் திரும்பி, "நீயாவது நம்புறியாம்மா?" என்றாய். "நம்புறேன்யா" என்றேன். அப்போது எனக்கு உண்மை தெரியாது, மாரியாத்தாள் மேல் ஆணை. ஆனாலும் உலகத்திலேயே நான் ஒருத்திதான் உன்னை நம்பினேன் என்பது எனக்கு எம்புட்டு இனிப்பாக இருந்தது தெரியுமா? மறுநாள் காலை நீ அட்டையை எடுத்துவந்து, "இனிமே நீயே குடும்மா" என்றாய். டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது என்று அவள் இருந்திருந்தால் சொல்லியிருப்பாள். எனக்கு அந்த நினைப்புக்கூட இல்லாமல் கை ஓடியது. நல்ல வேளை, நீதான் முதலில் மதுரைக்குப் போய்விட்டு வரலாம் என்றாய்.

மதுரையில் டாக்டர் உன்னைத் திட்டவில்லை. சறுக்கினால் எழுந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் என்றார். நீ குடிக்கவே இல்லை என்று சொன்னதும் நிமிர்ந்து பார்த்தார். "வேற எதாவது சாப்பிட்டீங்களா? இருமல் மருந்து? அரிஷ்டம்? அதுலகூட அந்தச் சாராயச் சத்து இருக்கும்" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நீ ஒவ்வொன்றுக்கும் இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்தாய். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அரிஷ்டம் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் மடியிலிருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவர் நீ குடித்துவிட்டதாகவே வைத்துக்கொண்டு, பழைய மாத்திரையோடு ஆசையைக் குறைக்கிற இன்னொரு மாத்திரையும் எழுதினார். நீ சறுக்காத சறுக்கலுக்கு இத்தனை நாளாக மாத்திரை முழுங்குகிறாய். பொறுப்பு யார் என்று கேட்டார். இந்தத் தடவை நான் சேலையைச் சரிசெய்யவில்லை. அவள் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதினார்.

ஊருக்கு வந்ததும் நாட்டு மருந்துக்கடைக்காரரிடம் போய்க் கேட்டேன். "அது தானாப் புளிச்சு வர்றதும்மா, கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். லேபிள்லயே போட்டிருக்கே" என்றார். மிச்சப் புட்டியை அரிசிப்பானைக்குள் ஒளித்துவைத்தேன். அதற்கப்புறம் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. தினம் காலையில் நீ நிலையில் வந்து நிற்கிறாய், நான் மாத்திரையைக் கரைத்துக் கொடுக்கிறேன், வாயைத் திறந்து காட்டுகிறாய், நான் காலண்டரில் கோடு போடுகிறேன். உன் வீடு உடைந்து கிடக்கிறது, நீ ராத்திரி தூங்குவதில்லை, எனக்கு மட்டும் தினம் காலையில் தீபாவளி. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று ஒவ்வொரு கோடாகத் தள்ளிப்போட்டேன். இதைவிடக் கேவலமாக ஒருத்தி எழுத முடியாது. எழுதிவிட்டேன்.

"எனக்கே சந்தேகமா இருக்கு" என்று நீ நேற்றுச் சொல்லாமல் இருந்திருந்தால் இன்னும் தள்ளிப்போட்டிருப்பேனோ என்னமோ. நீ குடித்த காலத்தில்கூட உன்னை நீயே சந்தேகப்பட்டதில்லை. உன்னை அந்த இடத்துக்குக் கொண்டுவந்து விட்டது சாராயம் இல்லை, நான். புத்திமதி சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை, ஆனாலும் ஒன்று சொல்கிறேன். பாப்பாவுக்குக் காய்ச்சல் மருந்து கொடுத்தாலும் இன்ன மருந்து என்று சொல்லிக் கொடு. அந்த இரண்டாவது மாத்திரை வேண்டுமா என்று டாக்டரிடம் உண்மையைச் சொல்லிக் கேள், நீயாக நிறுத்தாதே. பாண்டிச்செல்வி கொடுத்ததும் நான் உன் அப்பாவுக்குக் கொடுத்ததும் ஒரே சரக்காகத்தான் இருக்கும். அவள் உன்னை எதிரில் நிறுத்திவைத்துக் கொடுத்தாள், நீ பிழைத்தாய்.

இப்போது மணி இரண்டே கால். மூன்று மணி பஸ்ஸில் நான் தாயில்பட்டி போகிறேன். புட்டியைப் பையில் வைத்திருக்கிறேன். உன் மச்சினனிடம் மூடியைத் திறந்து கொடுத்து, "அன்னைக்கு மோந்தது இந்த வாடைதானா பாருய்யா" என்று கேட்பேன். உன் மாமியார் என்னைப் பேசத்தான் செய்வாள். பேசட்டும், இன்றைக்கு அவளுக்குப் பதில் சொல்ல என்னிடம் காப்பி இல்லை. நாளைக்குப் பெரியவர்கள் முன்னால் நீ எதையும் ஒத்துக்கொள்ளாதே. யாராவது மறுத்தால் இந்தத் தாளை வாசித்துக் காட்டு. பாண்டிச்செல்வியிடம் நான் என்ன சொல்லப்போகிறேன் என்று தெரியவில்லை. பொறாமை போய்விட்டதா என்று கேட்காதே. இதை எழுதும்போதும் எரிகிறது.

நாளைக் காலையில் பல் விளக்கிவிட்டு வந்து அடுப்படியில் தேடாதே. மாத்திரை அட்டையும் டாக்டர் எழுதின சீட்டும் காலண்டரும் என் பையில் இருக்கின்றன, அவள் கையில் கொடுத்துவிடுவேன். முதல் பஸ்ஸுக்கு வந்துவிடு. அங்கன வந்து அவள் கையால் வாங்கிக் குடித்துவிட்டு வாயைத் திறந்து காட்டு. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.